வராத இரண்டாவது கோடு

கர்ப்பம் பார்க்கிற கீற்றில் இரண்டு கோடு வந்தால் உண்டு. எங்களுடைய கீற்றில் இரண்டு கோடு வந்தால் இல்லை. கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் இதைத்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கப்படுத்தி முடித்த பிறகும் யாராவது ஒருத்தி மேசையை எட்டிப் பார்த்து, "ஐயோ மிஸ், ரெண்டு கோடு வந்திட்டுது. உள்ளுக்க இன்னொண்டும் கிடக்கோ?" என்று கேட்பாள். சுவரோர நீள வாங்கில் இருக்கிற வயிறுகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும்.

பட்டப்படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை அது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் நிக்கொட்டினின் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஐஸ் என்கிற போதைப்பொருளுக்கும், தூள் என்று ஊரில் சொல்கிற ஹெரோயினுக்கும் அதே பெட்டியில் தனித்தனிக் கீற்றுகள் இருந்தன. எச்சம் இருந்தால் இரண்டாவது கோடு எழும்பாது. ஒற்றைக் கோடு என்றால் அந்த உடம்புக்குள் புகையிலை போயிருக்கிறது. தாய்க்குள் போனது பிள்ளைக்கும் போகும். பிள்ளை வளரவேண்டிய அளவு வளராது, நாளுக்கு முந்திப் பிறக்கும், சிலவேளை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடும். இவ்வளவு பெரிய விசயத்தை ஐந்து நிமிடத்தில், நாலு சொட்டுச் சலத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணமே என்னை நிலத்தில் நிற்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புறப்படுவேன். முல்லைத்தீவுக்குப் போகிற பாதையில் பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு சின்ன பஸ். "ஒவ்வொரு கிழமையும் என்ன, இறால் வாங்கப் போறியளோ?" என்று நடத்துநர் ஒருநாள் திரும்பி வரும்போது பெட்டியில் தட்டிக் கேட்டார். "இல்லை அண்ணை, சலம்," என்றேன். அதற்குப் பிறகு என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வந்தது.

எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார். "முடிவு அந்தத் தாய்க்கும் டொக்டருக்கும் மட்டும். புருசனுக்கும் சொல்லக்கூடாது, மாமிக்கும் சொல்லக்கூடாது." நான் வேகமாகத் தலையாட்டினேன். வேகமாகத் தலையாட்டுவது என் பழக்கம்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை கிளினிக்கில் அந்தப் பெண்ணை முதல்முறை கண்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கூடவே அவருடைய மாமி வந்திருந்தார். ஒல்லியான, நேராக நடக்கிற மனுசி. அந்தக் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காணி எடுத்தது. புருசன் கட்டாரில். வீட்டில் மாமியும் மருமகளும் மட்டும்.

அக்காவின் அட்டையைப் பார்த்தேன். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளைக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்திருந்தது.

"எட்டாம் மாசம் அசைவு நிண்டிட்டுது மிஸ்," என்றார் அக்கா, நான் கேட்காமலே. "பெடியன். தலைமயிரெல்லாம் வடிவா வந்திருந்தது. இதையாவது கையில எடுக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு."

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து கேள்விகளை ஓட்டினேன். சிகரெட்? "சீ." சுருட்டு, பீடி? சிரித்தார். வெற்றிலையோடு புகையிலை? "எங்கட வீட்டில ஒருத்தரும் வாயில வைக்கிறேல்லை மிஸ். மாமிக்கு அது பிடிக்காது." பக்கத்தில் யாரும் புகைக்கிறவர்களா? "ஆம்பிளையே இல்லையே வீட்டில." வேலைக்குப் போறியளோ? "இல்லை, வீட்டிலதான்."

தொழில் என்ற கட்டத்தில் 'வீட்டுப்பணி' என்று எழுதினேன். அந்த ஊரில் நான் பார்த்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதையேதான் எழுதியிருந்தேன். எழுதி எழுதிக் கை தன்பாட்டில் ஓடும்.

ஐசுக் கீற்றில் இரண்டு கோடு. தூள் கீற்றில் இரண்டு கோடு. நிக்கொட்டின் கீற்றில் ஒன்று. இன்னொரு கீற்றை உடைத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்று.

"அப்ப உங்கட சாமான் பழுது," என்றார் அக்கா.

"சாமான் பழுதில்லை அக்கா. உண்மையைச் சொன்னால்தான் பிள்ளைக்கு நல்லது."

"வயித்தில கை வைச்சுச் சொல்லுறன் மிஸ். நான் ஒண்டும் பாவிக்கிறேல்லை." கையை உண்மையாகவே வயிற்றில் வைத்திருந்தார். விரல்களின் ஓரங்களில், நகத்தைச் சுற்றி, கரும்பச்சையாக ஒரு கறை. குசினிக் கறை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கண்ணில் பட்டது, விட்டுவிட்டேன்.

படிவத்தின் ஓரத்தில் ஒரு சொல் எழுதினேன்: மறைக்கிறார்.

மாசி மாதக் கிளினிக்கிலும் ஒற்றைக் கோடுதான். அன்றைக்கு அந்தக் கிளினிக்கின் மருத்துவமாது அக்காவின் வயிற்றை நாடாவால் அளந்துவிட்டு இரண்டாம் முறையும் அளந்தார். போன மாதத்திலிருந்து ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. நிறையும் ஏறவில்லை.

"சாப்பிட்டதையெல்லாம் இன்னும் சத்தி எடுக்கிறீரோ?" என்று மருத்துவமாது கேட்டார்.

"ஓம் மிஸ். தலையும் சுத்துது. காலமையிலதான் கூட."

"ஆறாம் மாசத்திலயும் சத்தியெண்டால், உமக்குப் பிறக்கிறது பொல்லாத பொம்பிளைப் பிள்ளைதான்," என்று மருத்துவமாது சிரித்தார். அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோபம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னொன்றும் குறுகிக்கொண்டு போகிறது, இருந்தும் பொய் சொல்கிறாரே என்ற கோபம். அந்தப் பிள்ளைக்காகக் கதைக்க உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பதுபோல ஒரு வேகம்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் மாமி மறித்தார். "ஏன் பிள்ளை, எல்லாருக்கும் ஒருக்கா, இவளுக்கு மட்டும் ரெண்டு மூண்டு தரம் பாக்கிறியள்?"

பேராசிரியையின் சட்டம் ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஞாபகம் வந்தது.

"அம்மா, இவாவின்ர உடம்பில புகையிலை கிடக்கு. எப்பிடியோ பாவிக்கிறா. நீங்கள்தான் பாத்து நிப்பாட்டவேணும். இல்லாட்டி இந்தப் பிள்ளையும் போயிடும்."

மாமி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினார். பின்னால் நின்ற அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

கீற்றுகள் இருந்த பெட்டியின் பக்கத்தில் 'போதைப்பொருள் பரிசோதனை' என்று மூன்று மொழியிலும் பெரிதாக அச்சடித்திருந்தது. வாங்கில் இருந்தவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள். மரத்தடியில் நான் சொன்னது புகையிலை. ஊருக்குள் போய்ச் சேர்ந்தது தூள். இரண்டு நாளில் அது கட்டாருக்கும் போய்விட்டது என்று பின்னர் மருத்துவமாது சொன்னார். "புருசன்காரன் கதைக்கிறானில்லையாம். எத்தினை தரம் எடுத்தாலும் வெட்டுறானாம்." பிறகு என்னைப் பார்த்து, "நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் தங்கச்சி," என்றார். அவரும் அக்கா பொய் சொல்கிறார் என்றுதான் நம்பினார்.

பங்குனிக் கிளினிக்குக்கு அக்கா வந்தபோது என்னோடு கதைக்கவில்லை. கிண்ணத்தை வாங்கினார், நிரப்பித் தந்தார், போய் வாங்கின் நுனியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. ஒற்றைக் கோடு.

மாமிதான் கதைத்தார். "அலுமாரி, சாக்கு, பாயடி எல்லாம் கிண்டிப் பாத்தன். ஒண்டும் அம்பிடேல்லை. இப்ப நான் இவளைக் கண்ணுக்கு மறைய விடுறேல்லை பிள்ளை. முந்தி அரைநாள் வீட்டில விட்டிட்டுப் போறனான். இப்ப காலமை இருந்து பின்னேரம் மட்டும் என்னோடதான்."

"நல்லது அம்மா," என்றேன். "அப்பிடியே வைச்சிருங்கோ."

இந்த ஒரு வசனத்தை நான் பிறகு எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் நினைத்திருக்கிறேன், பல் தீட்டும்போது நினைத்திருக்கிறேன். எங்கே போகிறீர்கள், என்னோடு என்றால் எங்கே என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் போதும்.

கீற்று உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்பதை ஆய்வுகூடத்தில்தான் அளக்க வேண்டும். கிழமை இரண்டு கழித்துப் பேராசிரியை கூப்பிட்டார். அக்காவின் மூன்று மாதிரிகளின் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடியிருந்தது. மூன்றாவது மிகக் கூட.

"ஆளை யாரும் கவனிக்கினமோ?" என்றார்.

"ஓம். மாமி நாள் முழுக்கக் கூடவே வைச்சிருக்கிறா."

"அப்ப எப்பிடிக் கூடினது?"

மாமியிடம் நான் கதைத்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "போய்ப் பார்," என்றார். "கேள்விப் படிவத்தைக் கொண்டு போகாதே. சும்மா போய்ப் பார்."

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மருத்துவமாதின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் இரண்டு சோடிச் செருப்பு. பின்பக்கமாகப் போனோம். கிணறு, அதற்கு அப்பால் தோட்டம்.

நெஞ்சு உயரத்துக்குப் புகையிலை.

பனி இன்னும் காயவில்லை. மாமி முன்னால் இலைகளை முறித்து முறித்துப் பின்னால் நீட்டினார். அக்கா அவற்றை வாங்கி, இடது கையால் அணைத்து, வயிற்றின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு மாத வயிறு ஒரு தட்டுப்போல இலைக்கட்டைத் தாங்கியது. புருசனின் பழைய நீளக்கைச் சேட்டுப் போட்டிருந்தார். அது முன்பக்கம் முழுக்க நனைந்து, பச்சையும் கறுப்புமாகத் தோலோடு ஒட்டியிருந்தது. கட்டு நிறைந்ததும் கொண்டுபோய் ஓலைக் குடிலில் இறக்கினார். திரும்பி வரும் வழியில் வரம்பில் குனிந்து சத்தி எடுத்தார். நனைந்த சேட்டுக் கையால் வாயைத் துடைத்தார். வந்து மறுபடி கையை நீட்டினார்.

பச்சைப் புகையிலையின் ஈரத்தில் நிக்கொட்டின் கரைந்து தோலுக்குள்ளால் இறங்கும் என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"தோட்டத்தில நிக்கிறனெண்டு ஏன் சொல்லேல்லை?" மருத்துவமாது கத்தியே விட்டார்.

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் வேலைக்குப் போறியளோ எண்டுதானே கேட்டனீங்கள்? நான் கூலிக்கு ஒரு இடமும் போறேல்லை மிஸ். இது எங்கட தோட்டம்தானே. இதைப் போய் ஆர் வேலையெண்டு சொல்லுவினம்?"

என் அம்மா விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டி, புல்லுப் பிடுங்கி, முதுகு நிமிர முடியாமல் வந்து படுப்பவர். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியது: இல்லை.

மாமி நம்பவில்லை. "இலையைத் தொட்டால் வயித்துக்க போகுமோ? நல்ல கதை. அப்ப சந்தையில பொயிலை விக்கிறவனெல்லாம் எப்பவோ செத்திருக்கவேணும். எங்கட வீட்டில ஒருத்தரும் வாயில வைக்கேல்லைப் பிள்ளை, பரம்பரையா."

"அது காய்ஞ்சது அம்மா. இது பச்சை, ஈரம்." விளங்கப்படுத்திப் பார்த்தேன். முகம் மாறவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "சரி. நான் தூக்கிறன்."

பையில் இருந்த கீற்றை எடுத்துக்கொண்டு அவர்களுடைய கக்கூசுக்குப் போய், என் சலத்தை முதலில் பார்த்தேன். இரண்டு கோடு. மாமியிடம் காட்டினேன். அக்காவைக் கிணற்றடியில் இருத்தி, அந்த நனைந்த சேட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். "விசர்ப் பிள்ளை," என்று மாமி முணுமுணுத்தார், ஆனால் இலையை முறித்து நீட்டினார். இலையின் பால் விரல்களைப் பசைபோலப் பிடித்தது. பத்து மணிக்குக் குடிலும் தென்னையும் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கின. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். அக்கா என் தலையைப் பிடித்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"உதுதான் மிஸ்," என்றார் மெல்ல. "எனக்கும் உப்பிடித்தான் வரும். பிள்ளைக் குணமெண்டு நினைச்சன்."

மறுநாள் காலை என் கீற்றில் ஒற்றைக் கோடு. அதை எடுத்துக்கொண்டு திரும்ப பஸ் ஏறினேன். மாமி கதிரையில் இருந்து அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தார்.

"நான் ஏழு வயித்தோடயும் உந்த வேலைதான் செய்தனான்," என்றார். "நாலுதான் தங்கினது."

அன்றிலிருந்து அவர் அக்காவைத் தோட்டத்துப் பக்கம் விடவில்லை. சேட்டை மாமியே எரித்தார். மிச்ச இலையைக் கூலிக்கு ஆள் பிடித்து முறித்தார்கள்.

ஆறாம் நாள் கீற்றில் இரண்டாவது கோடு வந்தது. மங்கல்தான், ஆனால் கோடு. மங்கினாலும் கோடு கோடுதான் என்று அக்காவுக்குச் சொன்னேன். "மிஸ், ரெண்டு!" என்று அவர் கீற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு என் கைபேசியில் படமாக இருந்தது. சத்தி நின்றிருந்தது. இரண்டு நேரம் சோறு சாப்பிட்டதாகச் சொன்னார். பிள்ளை நல்லாய் உதைக்கிறதாம். நாடாவில் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மருத்துவமாதும் சொன்னார். நான் மறுபடி நிலத்தில் நிற்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை வலி வந்துவிட்டது. நாள் இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பெண் பிள்ளை. என் முழங்கை நீளம்கூட இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் போய்விட்டது.

வைத்தியரை வாசலில் மறித்துக் கேட்டேன். நிக்கொட்டினா? அவருக்குக் களைப்பு. "இருக்கலாம். தனிய அதுதான் எண்டு என்னால எழுத ஏலாது. முந்தின பிள்ளையும் போயிருக்குத்தானே. வேற காரணமும் இருக்கும்." நான் எதிர்பார்த்தது ஓம் அல்லது இல்லை. உண்டு, இல்லை என்று சொல்லும் கீற்றுகளோடு மூன்று மாதம் வாழ்ந்து பழகிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். பேராசிரியை கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொண்டுபோனேன். இவரது உடம்பில் காணப்பட்டது பச்சைப் புகையிலையைக் கையாண்டதால் வந்தது, எந்தப் போதைப்பொருளும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. படிவத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்த சொல்லை வெட்டி, பக்கத்தில் என் கையெழுத்தும் வைத்திருந்தேன். அதன் படத்தையும் எடுத்துப் போனேன்.

அக்கா பாயில் இருந்தார். கடிதத்தை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"இவர் செத்தவீட்டுக்கும் வரேல்லை மிஸ்," என்றார். "தூள் அடிச்சால் பிள்ளை எப்பிடித் தங்குமெண்டு தன்ர கூட்டாளிக்குச் சொன்னவராம். அதுதான் எனக்கு வந்த கடைசிக் கதை."

"மாமி அவருக்குச் சொல்லேல்லையோ? அவாவுக்குத் தெரியும்தானே."

அக்கா குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே சட்டி பானை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "எப்பிடிச் சொல்லுவா?" என்றார். "சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோனது அவாவின்ர இலையெண்டு ஆயிடுமே."

பிறகு தலையணைக்குக் கீழிருந்து கைபேசியை எடுத்து, வட்ஸ்அப்பில் புருசனின் பெயரைத் திறந்து, என் பக்கம் நீட்டினார். மேலே மேலே அக்கா அனுப்பியவை மட்டும் கிடந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"கடிதத்தை அவர் வாசிக்கமாட்டார். நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. நீங்கள்தானே முதல் சொன்னனீங்கள்."

குரல் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நான் யார் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "அண்ணை, அக்கா ஒண்டும் பாவிக்கேல்லை. அவா பொய் சொல்லேல்லை. கேட்ட நான்தான் பிழையாக் கேட்டனான்..."

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பொத்தானிலிருந்து என் விரலை விலக்கி, பதிந்ததை அழித்தார். நகத்தைச் சுற்றியிருந்த கறை இப்போது போயிருந்தது.

"திரும்பச் சொல்லுங்கோ மிஸ்," என்றார். "சத்தமாச் சொல்லுங்கோ. மாமிக்கும் கேக்கட்டும்."

குசினியில் சட்டிச் சத்தம் நின்றிருந்தது. நான் முதலிலிருந்து தொடங்கினேன்.